வெட்டிய கட்டைக்கு உப்பும் டீசலும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வீட்டு வளாகத்தில் வெட்டிய மரம் மறுபடி மறுபடி துளிர்த்தால், கட்டையின் நடுவில் துளை போட்டு, உப்பை நிரப்பி, மேலே டீசலை ஊற்றிவிட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அதைப் படித்த சூட்டோடு உப்பு வாங்கி வந்து இறக்கிவிட்டார்கள். அப்படிச் செய்தால் கட்டை சாகாது, சுற்றியிருக்கிற மண்தான் சாகும். அதனால் அந்தக் குறிப்பு வந்த அதே பகுதியில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் ஹென்றி பொகொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையை நட்ட, தென்னமரம் என்று பெயருள்ள தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் வேலை செய்தது வேறு தோட்டம். லயத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அம்மாவோடு ரப்பர் நிரைக்குப் போய்ப் பால் வெட்டப் பழகினேன். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது களைக்கொல்லி மருந்தடிக்கும் கேங்குக்கு மாற்றினார்கள். கடைசி வருடங்களில் அந்தக் கேங்கை மேய்க்கும் மண்டோராக இருந்துதான் ஓய்வு பெற்றேன். மரத்தை வாழவைப்பதும் சாகடிப்பதும் இரண்டுமே என் கை செய்த வேலை.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது எல்லாருமே ஆசை ஆசையாக மரம் நட்டோம். லயத்தின் பின்னால் இருந்த இடம் வேறு, தரைவீட்டின் பின்கட்டு வேறு. வேலியோரம் வைத்த மாவும் ரம்புத்தானும் கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமையும் இன்றைக்கு லொங்காங்கின், அதாவது வடிகாலின், சிமெண்டைத் தூக்குகின்றன, கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் விடுகின்றன. மரம் வெட்டுகிறவர்கள் செயின்சாவோடு வந்து, மேலே இருப்பதை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மாதமே கட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று துளிர். ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது பத்துக் கொம்பு.

வெட்டுவதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட உள்ளூராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். செத்த மரத்துக்கும், உடனே விழுந்து ஆபத்து உண்டாக்கக்கூடிய மரத்துக்கும் விலக்கு உண்டு. நம் வீட்டு மரம்தானே என்று பலர் கேட்காமலே வெட்டுகிறார்கள். ஒரு தடவை போய் விசாரித்துவிடுவது நல்லது.

இனி கட்டைக்கு வருகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. நிரையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, காயம் படாமல் வெட்டு என்பதுதான். உளி பட்டையில்தான் ஓட வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரமாக, வழவழவென்று மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்னாலேயே உளி நின்றுவிட வேண்டும். நின்றால், வெட்டிய இடத்தில் சில வருடங்களில் புதுப்பட்டை வந்துவிடும், மறுபடியும் அங்கேயே கோடு போடலாம். அவசரத்தில் உளி இறங்கிப் படலத்தைக் கிழித்துவிட்டாலோ, அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கிப்போகும். அப்புறம் அங்கே உளி ஓடாது. காயம் எண்ணிக் கூலியில் கைவைத்த தோட்டத்துக் கணக்கர்களை, அந்தக் கிராணிகளை, நினைவிருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மரத்தின் உயிர் அந்தப் படலத்தில்தான். பட்டையின் உட்பக்கம், இலை சமைத்த சாப்பாட்டை வேருக்கு இறக்குகிறது. படலத்தை ஒட்டி உள்ளே இருக்கிற வெளுத்த மரம் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. நடுவில் கறுத்துச் சிவந்து கிடக்கிற வைரம் மரத்தைத் தாங்கி நிற்கும், அவ்வளவுதான். அதில் உயிரும் இல்லை, ஓட்டமும் இல்லை. நடுவில் துளை போட்டு எதை ஊற்றினாலும் அது வேருக்குப் போய்ச் சேராததற்கு இதுதான் காரணம்.

பட்டைக்கு அடியில் தூங்குகிற மொட்டுகள் ஏராளம். மேலே கொழுந்து இருக்கிறவரை, அங்கிருந்து இறங்கி வரும் ஒரு சுரப்பு அவற்றை எழும்ப விடாது. தலையை வெட்டியதும் அந்தத் தடை போய்விடுகிறது. கீழே வேரில் வருடக்கணக்காகச் சேர்த்த மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. தின்ன ஆளில்லாத அந்தச் சாப்பாடு முழுவதும் தூங்கிய மொட்டுகளுக்குப் போகிறது. வெட்டிய மரம் முன்னைவிட வேகமாக வளர்வதாக நாம் ஆச்சரியப்படுவது இதைத்தான். அந்த வேருக்கு இலை கிடைக்காமல் பட்டினி போட வேண்டும், இல்லையென்றால் மருந்து அந்தப் படலத்தின் வழியாக வேருக்கு இறங்க வேண்டும். கட்டையை இடத்தில் விட்டுக்கொண்டே சாகடிக்க இந்த இரண்டு வழிதான்.

எங்கள் வரிசையில் ஒரு பையன், குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறவன், உங்கள் பத்திரிகையில் குறிப்பு வருவதற்கு முன்பே இந்த உப்பு வைத்தியத்தைச் செய்து பார்த்திருந்தான். கெத்தாப்பாங் கட்டை. நடுவில் பெரிய துளை, அதில் வெள்ளையாக உப்பு, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குத் துளிர். "ஆண்ட்டி, ரெண்டு பாக்கெட் உப்பு போட்டாச்சு, இன்னும் துளிர்க்குதே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டான். குனிந்து கட்டைவிரல் நகத்தால் பட்டையோரத்தைச் சுரண்டினேன். பழுப்புத் தோல் உரிந்து, உள்ளே பச்சையும் அதற்கடியில் ஈர வெள்ளையும் தெரிந்தன. நகத்தில் பசபசவென்று தண்ணீர் ஒட்டியது. "தம்பி, நீ உப்பை வைரத்துல போட்டிருக்கே. அங்க குடிக்க யாரும் இல்ல. உயிர் இங்க இருக்கு பாரு, இந்த ஓரத்துல" என்று அவன் விரலையும் பிடித்துத் தொட்டுக்காட்டினேன். நல்ல பையன், உடனே புரிந்துகொண்டான். ஆனால் அதற்குள் அந்த உப்பு மழையில் கரைந்து, பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வைத்திருந்த கறிவேப்பிலையை ஓரம் ஓரமாகக் கருக்கிவிட்டிருந்தது.

உப்பு மண்ணில் போனால் போனதுதான். பெரிய கட்டையைச் சாகடிக்கிற அளவுக்குப் போட்டால் அந்த இடத்தில் புல்லும் முளைக்காது, களிமண் இறுகிப்போகும், லொங்காங் சிமெண்டுக்குள் இருக்கிற கம்பியைத் துரு தின்னும். சிலர் சாதாரண உப்பு வேண்டாம், பேதி உப்பு போடலாம் என்கிறார்கள். அது மக்னீசியம் சல்பேட். செம்பனைக்கு மூட்டை மூட்டையாகச் சுமந்துபோய் வட்டத்தில் தூவினோமே கீசரைட், அதுவும் மக்னீசியம் சல்பேட்தான். உரத்தைப் போட்டு மரத்தைக் கொல்ல நினைக்கலாமா? யூரியாவும் அப்படித்தான். செத்துப்போன கட்டை சீக்கிரம் மக்க யூரியா உதவும். உயிருள்ள கட்டைக்கு அது சாப்பாடு.

டீசல் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அது நம் தோட்டத்திலிருந்தே வந்தது. பழைய ரப்பரை அழிக்கும்போது அடிமரத்துப் பட்டையைச் சுற்றிச் சுரண்டிவிட்டு, 2,4,5-டி என்கிற மருந்தை டீசலில் கலந்து பிரஷ்ஷால் தடவுவார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் சோடியம் ஆர்சனைட், சுத்தமான பாஷாணம். டீசலுக்கு அங்கே இருந்த வேலை, எண்ணெயில் கரையும் மருந்தைப் பட்டைக்குள் இழுத்துக்கொண்டு போவது. மரத்தைக் கொன்றது மருந்து. தடவியவர்கள் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மருந்தின் பெயர் மறந்துவிட்டது, டீசல் வாடை மட்டும் பிள்ளைகள் மூக்கில் நின்றுவிட்டது. அந்த 2,4,5-டி என்பது வியட்நாம் காட்டின் மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டிய ஆரஞ்சு மருந்தில் சரிபாதி. அதில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது. அது திரும்பி வர வேண்டாம், அதன் டீசலும் வேண்டாம்.

பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம் லொங்காங்குகள் கடைசியில் சிலாங்கூர் ஆற்றில்தான் சேர்கின்றன. இங்கே அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீர்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டுக் குழாயில் வருகிறது. ஆறு கீழே போகப் போக, கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் என்கிற அலையாத்தி மரங்களில் மின்மினி பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த ஆற்றங்கரையில் வாழ்கிற நாம் ஒரு கட்டைக்காக டீசலைக் கொட்டுவது நியாயமில்லை.

பழைய டயரைப் போட்டுக் கட்டையைக் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அதைவிட, நம் வட்டாரத்தில் பல இடத்தில் அடியில் கரிமண், அதாவது செடிகொடி மக்கிச் சேர்ந்த எரியக்கூடிய மண், இருக்கிறது. ராஜா மூசா காட்டில் தீப்பிடித்தபோது மண்ணுக்குள்ளேயே புகைந்து புகைந்து எரிந்ததையும், ஊரே இருமியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டையில் வைத்த நெருப்பு வேரைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் கீழே நடக்கும்.

துளை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. மருந்து ஊற்றிக் காய்ந்த பிறகு அந்தத் துளைகளில் மழைத்தண்ணீர் நிற்கும். மரப்பொந்துத் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு இயற்கையாகவே பிடித்த இடம். சுகாதார இலாகா சோதனைக்கு வந்தால் வீட்டுக்காரருக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்டு அபராதம் வரலாம், டிங்கி காய்ச்சல் வந்தால் பணத்தோடு போகாது. துளைகளை மண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்துவிடுங்கள்.

மருந்தே இல்லாமல் செய்கிற வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். பின்கட்டில் ஒன்றிரண்டு கட்டை வைத்திருக்கிற வீட்டுக்கு அதுவே போதும். கட்டையைத் தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள். சுற்றி மண்ணைக் கொஞ்சம் தோண்டி, பாராங் கத்தியின் முனையால் பட்டையை மண்ணுக்குக் கீழே ஒரு சாண் வரை உரித்துவிடுங்கள். மொட்டுகள் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. உரிக்கும்போது படலமும் சேர்ந்து வர வேண்டும். உரித்த இடம் எலும்புபோல் வெள்ளையாக, ஈரம் இல்லாமல் தெரிய வேண்டும். பால் வெட்டும்போது எதைச் செய்யக் கூடாது என்று திட்டு வாங்கினோமோ அதையே இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.

அதற்கு அப்புறமும் எங்கிருந்தாவது துளிர் வரும். வந்தால் கத்தியால் சீவாதீர்கள். சீவினால் அடியில் இருக்கிற கணு அப்படியே நிற்கும், ஒன்று போய் நாலு வரும். கையால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால், குதிகால்போல் கொஞ்சம் பட்டையோடு பிய்ந்து வரும், அடிமொட்டும் கூடவே போகும். எப்போது பிய்க்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். துளிர் செந்நிறமாக, தொட்டால் துவள்கிற பருவத்தில் இருக்கும்போது அது வேரின் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது, ஒன்றும் திருப்பித் தரவில்லை. இலை பச்சையாகித் தடித்துவிட்டால் அது சமைத்து வேருக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் பிய்த்துவிட்டால் ஒவ்வொரு துளிரும் வேருக்கு நஷ்டம். நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது, மரம் ஓய்வெடுக்காது. அதனால் வாரம் ஒருமுறை, தவறினால் பத்து நாளைக்கு ஒருமுறை கண்ணைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். துளிர் வர வர மெலிந்து, இலை சிறுத்து, வெளுத்து வரும். அப்போது வேர் காலியாகிறது என்று அர்த்தம். துணி காயப்போடப் போகும்போது கையோடு செய்துவிடுகிற வேலைதான். நடுவில் இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் வீண்.

பார்க்க ஆளில்லாத வீடாக இருந்தால், தடித்த கறுப்புக் கேன்வாஸைக் கட்டையைத் தாண்டி நன்றாக அகலமாக விரித்து, ஓரத்தில் கல் வைத்து அழுத்திவிடலாம். வெளிச்சம் இல்லாமல் துளிர் வெளுத்துச் சாகும். மடிப்பில் தண்ணீர் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்துதான் என்று முடிவு செய்தால், பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் லேபிளும் உள்ள டின்னாக வாங்குங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி எங்கும் கிடைக்கிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. அதைத் தெரிந்துகொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். கட்டைக்கு அதைத் தெளிக்கத் தேவையே இல்லை என்பதுதான் நல்ல விஷயம். பம்பைத் தொடாதீர்கள். ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ் போதும்.

காலையில், மழை மேகம் இல்லாத நாளில் செய்யுங்கள். மத்தியானம் கொட்டுகிற மழையில் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். கட்டையைத் தாழ்வாக, மட்டமாக அறுக்க வேண்டும். சரிவாக இருந்தால் மருந்து வழிந்துவிடும். அறுத்தவுடன் மரத்தூளைத் துடையுங்கள், தூள் இருந்தால் மருந்தை அதுதான் குடிக்கும். உடனே, அதாவது சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டிய ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வட்டமாகத் தடவுங்கள். நடுவில் தடவி வீணாக்க வேண்டாம். அறுத்த வாய் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அடைபடத் தொடங்கிவிடும். ஒருவர் அறுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தடவினால் மருந்து மேலேயே நின்றுவிடும். அதனால் அறுக்கிறவரும் தடவுகிறவரும் கூட நிற்க வேண்டும். மரம் வெட்டும் ஆளை அமர்த்தும்போதே இதைப் பேசிவிடுங்கள். புல்லுக்கு அடிப்பதுபோல் தண்ணீராகக் கரைத்தது கட்டைக்குப் பலிக்காது. கட்டைக்கு எந்த அளவு என்று லேபிளில் பாருங்கள்.

பழைய கட்டையாக இருந்தால் மேலே ஒரு வில்லை புதிதாக அறுத்து ஈர மரம் தெரிந்த பிறகு தடவ வேண்டும். காய்ந்த வாயில் தடவி ஒரு பயனும் இல்லை. டிரைக்ளோபிர் என்ற மருந்தும் தோட்டங்களில் கட்டைக்குப் பயன்படுகிறது. எண்ணெயில் கரையும் அதன் வகை பட்டைக்குள்ளும் இறங்கும், அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் சின்னப் பின்கட்டில், பக்கத்தில் செடியும் காய்கறியும் இருக்கிற இடத்தில், மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்கிற கிளைபோசேட்டையே நான் விரும்புவேன். கை உறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் கட்டாயம். தடவிய பிறகு ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து வையுங்கள், குழந்தையும் கோழியும் போகாது, மழையும் படாது.

ஒரே இன மரங்கள் பக்கம் பக்கமாக நின்றால் அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு மாங்கட்டைக்குத் தடவிய மருந்து அடுத்த மாமரத்துக்கும் போகும். அந்த மாதிரி இடத்தில் பட்டினி வழிதான்.

எல்லா மரமும் ஒன்றில்லை. தென்னைக்கும் செம்பனைக்கும் உச்சியில் ஒரே குருத்து. அதை வெட்டிவிட்டால் மரம் முடிந்தது, கட்டைக்கு மருந்தே வேண்டாம். ஆனால் அழுகுகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், மிச்சம் இருக்கிற தென்னையின் குருத்தை அது துளைக்கும். துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். முருங்கையும் கிளிரிசிடியாவும் கட்டையில் மட்டும் அல்ல, வெட்டிப்போட்ட கொம்பிலும் வேர்விடும், ஈர மண்ணில் போட்டுவைக்காதீர்கள். முருங்கையை நான் கொல்லச் சொல்ல மாட்டேன். நெஞ்சு உயரத்தில் வெட்டி விட்டால் கைக்கெட்டுகிற உயரத்தில் கீரை தந்துகொண்டே இருக்கும். கொய்யா, வேம்பு, சீமைப்பலா இவற்றுக்கு வேரில் அடிபட்டால் தள்ளியும் கன்று கிளம்பும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பஞ்சுட் பஞ்சுட் என்று பிள்ளைகள் மொட்டைப் பிதுக்கித் தண்ணீர் அடித்து விளையாடுகிற ஆப்பிரிக்க டூலிப். உலகின் மிக மோசமான நூறு அந்நியப் படையெடுப்பு உயிர்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது, பெத்தாய் பெலாலாங் என்கிற சூபாபுல்லும் இருக்கிறது. கட்டையைச் சுற்றித் தோண்டினால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேர்த்துண்டும் தனி மரமாகும். அதற்கு மருந்து தடவுவதைத் தவிர எனக்குச் சரியான வழி தெரியவில்லை.

செத்த கட்டையை வீட்டுச் சுவரை ஒட்டி அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம். கரையான் முதலில் அங்கே வந்து, பிறகு கூரைக்கு ஏறும். பழைய பால்மரக் கட்டையாக இருந்தால் வெள்ளை வேர் நோய்க் காளான் அதில் தங்கிப் பக்கத்துக் கன்றின் வேருக்குத் தாவும். மறுநடவின்போது கட்டைகளை அகற்ற அவ்வளவு பாடுபட்டது அதற்காகத்தான். கட்டையை அரைத்தெடுக்கிற இயந்திரம் வாடகைக்கு வருகிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் வரவழைத்தால் செலவு. தாமான் குடியிருப்பாளர் சங்கம் ஒரே நாளில் வரிசை முழுவதற்கும் ஏற்பாடு செய்தால் கட்டுபடியாகும். எங்கள் சங்கத்தில் இதைப் பேசியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் ஊரில் சில சில்லறை வியாபாரிகள் மருந்தைப் பெரிய டின்னிலிருந்து மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி, லேபிள் இல்லாமல் விற்கிறார்கள். என்ன மருந்து என்று கேட்டால் "கட்டை மருந்து" என்கிறார்கள். பழைய தோட்டத்துக் களைக்கொல்லியான பாராகுவாட்டை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பாராகுவாட்டைக் கட்டைக்கு ஊற்றுவதில் அர்த்தமே இல்லை. அது பட்ட இலையை மட்டும் கருக்கும், வேருக்கு இறங்காது. மனிதன் வயிற்றுக்குள் போனாலோ அதற்கு மாற்று மருந்து கிடையாது, ஒரு வாய் போதும்.

அந்த மருந்தை முதுகில் சுமந்தவள் நான். என் கேங்கில் விரல் நகம் கறுத்துக் கழன்று விழுந்த பெண்கள் இருந்தார்கள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போதே மூக்கில் இரத்தம் வடியும். முந்தானையால் துடைத்துக்கொண்டு பம்பைத் தூக்குவார்கள். 2002இல், தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஐரீன் பெர்னாண்டசின் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்த வருடமே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை என்றது, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. அத்தனை வருடம் போராடி வயலிலிருந்து வெளியேற்றிய நஞ்சு, தண்ணீர் பாட்டிலில் நம் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, பதிவு பெறாமலும் லேபிள் இல்லாமலும் மருந்து விற்பது குற்றம். வியாபாரிகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர்களும் மலிவு என்று வாங்காதீர்கள். வீட்டில் பெயர் தெரியாத பாட்டில் ஏதாவது இருந்தால் லொங்காங்கிலும் கழிவறையிலும் கொட்டாதீர்கள். சிவப்பு மையால் "நஞ்சு" என்று எழுதி ஒட்டி, பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டு, மாவட்ட விவசாய இலாகாவில் என்ன செய்வதென்று கேளுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்புத்தண்ணீர் கொடுக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனது என்ன மருந்து என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.